எதற்கும் விலை உண்டு

(சென்னையை அடுத்த ஒரு குடியிருப்பில், வாசகசாலை ஆதரவில் கூடிய பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம் "எதற்கும் விலை உண்டு" என்பதாகும். இது என்ன பெரிய விஷயம், கடைத்தெருவுக்குப் போகிறவனுக்கெல்லாம் தெரிந்ததுதானே என்று உங்களில் சிலர் நினைக்கலாம். கத்தரிக்காய்க்கு விலை உண்டென்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாம் செய்கிற ஒவ்வொரு முடிவுக்கும் விலை உண்டு, அந்த விலையை எவனாவது ஒருவன் ஒருநாள் கொடுத்தே தீரவேண்டும் என்பது மாத்திரம் நமக்குத் தெரிவதில்லை. தெரியாதது மட்டுமல்ல, அந்தப் பற்றுச்சீட்டு நம் கைக்கு வரும்போது அதற்கு "விதி" என்றும், "தலையெழுத்து" என்றும், "தெய்வ சோதனை" என்றும் பேர் வைத்துவிட்டு, நெற்றியில் அடித்துக்கொண்டு அழுகிறோம். நம்முடைய கையெழுத்தையே தலையெழுத்து என்று சொல்லிக்கொள்ளும் ஜனங்கள் நம்மைப்போல் வேறெவரும் இருப்பார்களா என்பது சந்தேகமே.

ஒரு வியாபாரி சரக்கு வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்கிறான். இதனால் என்ன வரும்? இதற்காக என்ன போகும்? போவது யார் பையிலிருந்து? பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்க முடியுமா? இந்த நான்கையும் கேட்காத வியாபாரி வெகு சீக்கிரத்தில் மஞ்சள் கடுதாசி கொடுப்பான். ஆனால் ஊர்க் காரியத்தில், சர்க்கார் காரியத்தில், குடும்பக் காரியத்தில் நாம் முதல் கேள்வியை மட்டும் கேட்டுவிட்டு, மற்ற மூன்றையும் கடவுளிடத்தில் விட்டுவிடுகிறோம். கடவுளோ இதுவரை யாருக்கும் கணக்கு ஒப்புவித்ததில்லை.

வெறும் தத்துவமாய்ப் பேசினால் தூக்கம் வரும். ஆகையால் நம் கண்முன் இருக்கிற ஒரு காரியத்தை எடுத்துக்கொள்ளுகிறேன். அதுதான் ஏரி.

ஏரி என்றால் என்ன?

சென்னையிலும் செங்கற்பட்டுப் பக்கத்திலும் வருஷத்திற்குச் சுமார் 140 சென்டிமீட்டர் மழை பெய்கிறது. லண்டன் பட்டணத்தில் பெய்வதைப்போல் இது இரண்டு பங்குக்கும் மேல். ஆனால் லண்டனில் அது வருஷம் முழுவதும் தூறிக்கொண்டேயிருக்கும். இங்கேயோ ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் கொட்டோ கொட்டென்று கொட்டிவிட்டு, மற்ற மாதங்களில் அநேகமாய்க் கையை விரித்துவிடும். ஆதலால் இந்த நாட்டு மக்கள் ஒரு தந்திரம் செய்தார்கள். மேட்டிலிருந்து பள்ளம் வரையில் வரிசையாய்க் கரை போட்டு ஏரிகளை உண்டாக்கினார்கள். மேல் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாய் மிச்சத் தண்ணீர் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. கடைசியில் ஆற்றுக்கும், சதுப்புக்கும், கடலுக்கும் போகும். மதகு வழியாய் வயலுக்குப் பாயும். தரைக்குள் இறங்கிக் கிணற்றில் ஊறும்.

ஆகவே ஏரி இரண்டு வேலை செய்தது. வெள்ளக்காலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்தது. வறட்சிக்காலத்தில் விட்டுக் கொடுத்தது. சம்பளம் கேட்காத ஊழியனாய் இருந்ததனால் அதற்கு மதிப்பில்லாமல் போய்விட்டது. சம்பளம் வாங்காதவனை வேலையே செய்யாதவன் என்று நினைப்பது உலக வழக்கம். நம் வீட்டுப் பெண்களைக் கேட்டால் இதைப்பற்றி என்னைவிட நன்றாய்ச் சொல்லுவார்கள்.

மதுராந்தகத்தில் "ஏரி காத்த ராமர்" என்று ஒரு கோயில் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஏரிக்கரை உடையாமல் ராமரும் லட்சுமணரும் வில்லேந்தி நின்று காவல் காத்தார்கள் என்பது கதை. காவல் காத்தவர்களுக்குக் கோயில் இருக்கிறது, சந்தோஷம். கரைக்கு மண் சுமந்தவனுக்கு என்ன இருக்கிறது? அதுவும் போகட்டும். அந்த ராமர் மதுராந்தகத்தோடு நின்றுவிட்டாரே, சென்னையிலுள்ள ஏரிகளைக் காக்க ஏன் வரவில்லை என்று நான் கேட்டால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏரியைக் காப்பவனும் மனிதன். அழிப்பவனும் மனிதன்தான் என்பதற்காகவே இதைச் சொல்லுகிறேன்.

நம்மவர்கள் செய்த முடிவு

சென்னைக்கு மேற்கே மாம்பலம், நுங்கம்பாக்கம், மயிலாப்பூர் பக்கங்களில் நீளமாய் ஓர் ஏரி இருந்தது. அதற்கு நெடிய ஏரி என்றே பெயர். 1920ஆம் வருஷத்தில் நகர அமைப்புச் சட்டம் வந்தது. அதற்குப்பின் அந்தப் பத்தாண்டிலேயே மாம்பலம் ஏரியை வடியவிட்டு, அந்த இடத்தில் ஒரு புதிய நகரம் அமைக்கப்பட்டது. அதுதான் இன்று நீங்கள் தீபாவளிக்குத் துணி வாங்கப் போய் நெரிபடுகிற தியாகராய நகர்.

இதைச் செய்தவர்கள் யார்? வெள்ளைக்காரன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியாது. அப்போது மாகாணத்தில் மந்திரி சபை நடத்தியவர்கள் ஜஸ்டிஸ் கட்சியார், அதாவது நம்மவர்கள். ஊருக்குப் பெயர் சர். பி. தியாகராயர், பூங்காவுக்குப் பெயர் பனகல் அரசர், பாண்டி பஜாருக்குப் பெயர் தோழர் சௌந்தரபாண்டியனார். நம்மவர் செய்ததென்றால் தப்பு ஆகாது, மற்றவன் செய்தால்தான் தப்பு என்று பேசுவது பகுத்தறிவு ஆகாது. அது புரோகிதன் தர்மம். ஆகையால் நம்மவர் கணக்கையும் அதே தராசில் வைத்தே பார்க்க வேண்டும்.

அவர்கள் செய்தது முட்டாள்தனமா? அல்லவென்றே நான் சொல்லுவேன். 1901இல் சென்னையின் ஜனத்தொகை சுமார் 5 லட்சம். ஊர் பெருகிக்கொண்டு வந்தது. பழைய தெருக்களில் இன்ன ஜாதியான்தான் குடியிருக்கலாம் என்றிருந்த காலம். புதிய நகரத்தில் அகலமான வீதி போட்டு, பணம் கொடுத்தவன் மனை வாங்கலாம் என்றது பெரிய காரியந்தான். 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்திற்கும் மின்சார ரயில் ஓடத் தொடங்கியதும் மாம்பலம் பட்டணத்தோடு சேர்ந்துவிட்டது. எத்தனையோ ஆயிரம் குடும்பங்கள் காற்றோட்டமாய் வாழ இடம் கிடைத்தது. இது வரவு, இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் செலவுப் பக்கத்தில் என்ன எழுதினார்கள்? ஒன்றும் எழுதவில்லை. ஏரி பிடித்து வைத்திருந்த தண்ணீர் இனி எங்கே போகும் என்பதற்கு ஒரு பத்தி இல்லை. தண்ணீர் போய்விடும் என்று நினைத்தார்கள். தண்ணீர் எங்கும் போவதில்லை, தோழர்களே! அது தன் பழைய விலாசத்தை மறப்பதே இல்லை. இன்றைக்கும் மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு" என்று ஒரு தெரு இருக்கிறது. ஏரியைப் பார்க்கும் தெரு என்று அர்த்தம். போய் நின்று பார்த்தால் எதிர்வீட்டுச் சுவர்தான் தெரியும். நுங்கம்பாக்கத்தில் ஏரிக்கரை என்று அர்த்தம் வரும் "டேங்க் பண்ட் ரோடு" இருக்கிறது. "லேக் ஏரியா" என்று ஒரு பகுதியும் இருக்கிறது. பெயர்ப்பலகை இருக்கிறது, ஏரி இல்லை. மழைக்காலத்தில் மட்டும் பெயர்ப்பலகை பொய்யல்ல என்று தண்ணீர் வந்து ருசுப்படுத்திவிட்டுப் போகும்.

ஒன்று போனால் என்ன?

நிற்க, ஒரு முடிவினால் வரும் பெரிய நஷ்டம், அந்த முடிவினாலேயே வருவதல்ல. அது வழக்கமாய் மாறிவிடுவதில்தான் வருகிறது. மாம்பலம் ஏரியைத் தூர்த்தும் ஒன்றும் குடி முழுகவில்லையே, இன்னொன்றைத் தூர்த்தால் என்ன என்ற தைரியம் பிறந்தது. நுங்கம்பாக்கம் ஏரியில் மிஞ்சியிருந்த பகுதியில்தான் 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. நீரின்றி உலகம் அமையாது என்று சொன்னவருக்கு நீரை அகற்றியா கோட்டம் கட்டுவது என்று வள்ளுவரே வந்து கேட்டால் நாம் என்ன பதில் சொல்லுவோம்? முகப்பேரில் வீட்டு வசதி வாரியம் போட்ட மனைப் பிரிவுக்கு "ஏரித் திட்டம்" என்றே பெயர் வழங்குகிறது. ஏரியைக் காக்கும் திட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். ஏரியை வீடாக்கும் திட்டம். மதுரையிலோ 2004இல் திறந்த ஐகோர்ட்டுக் கிளையே உலகனேரிக் கண்மாயில்தான் கட்டப்பட்டிருக்கிறது. ஏரியில் குடிசை போட்டவன் ஆக்கிரமிப்பாளன்; அவனை விசாரிக்கும் கச்சேரியும் அதே கண்மாயில் என்றால், குடிசைக்காரன் சிரிப்பானா, அழுவானா?

ஒவ்வொரு தடவையும் சொல்லப்பட்ட சமாதானம் ஒன்றேதான்: "இந்த ஒன்று போனால் என்ன?" குடிகாரன் ஒவ்வொரு நாளும் "இன்றைக்கு ஒருநாள்" என்றுதான் குடிக்கிறான். சீட்டாடுகிறவன் "இந்த ஒரு ஆட்டம்" என்றுதான் வீட்டை வைத்து ஆடுகிறான். தனித்தனியாய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் சின்னது. கூட்டிப் பார்க்கிற வேலையை மாத்திரம் ஒருவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

ஊருக்குத் தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் இருக்கிறது. பல ஏரிகளின் கலங்கல் தண்ணீர் கடலுக்குப் போகுமுன் வந்து தங்குகிற இடம் அது. ஒரு காலத்தில் சுமார் 5,000 ஹெக்டேர் பரப்பு இருந்தது என்கிறார்கள். அதற்குச் சர்க்கார் பதிவேட்டில் "தரிசு" என்று பெயர். உபயோகமில்லாதது என்று எழுதிவிட்டால் பிறகு அதில் எதைக் கொட்டினாலும் தர்மந்தானே! பட்டணத்துக் குப்பையைக் கொட்டினார்கள், சாலை போட்டார்கள், ரயில் பாதை போட்டார்கள், கம்ப்யூட்டர் கம்பெனிகளும் காலேஜுகளும் எழும்பின. எழுதுகோலால் ஒரு வார்த்தை எழுதினதற்கு இத்தனை பலன்! "தரிசு" என்ற ஒரு பெயர் நிலத்தை என்ன செய்ததோ, அதையே "சூத்திரன்" என்ற ஒரு பெயர் மனிதனைச் செய்தது என்பதை நீங்கள் மறந்துவிடக்கூடாது. மிஞ்சியிருப்பதில் 1,247 ஹெக்டேர் சொச்சத்திற்கு 2022இல் உலக முக்கியத்துவமுள்ள சதுப்பு நிலம் என்று ராம்சார் ஒப்பந்தத்தின்படி மரியாதை கிடைத்தது. செத்தவனுக்குச் செய்கிற மரியாதையை உயிரோடிருக்கும்போதே கொஞ்சம் செய்திருக்கலாம்.

பற்றுச்சீட்டு வந்தது

2015ஆம் வருஷம் டிசம்பர் 1ந் தேதி மழை கொட்டியது. 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர், செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர். செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி, வினாடிக்கு 29,000 கன அடி வரையில் அடையாற்றில் திறந்துவிடப்பட்டதாய்ச் சர்க்கார் கணக்கு. ராத்திரியில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் வீட்டிற்குள் தண்ணீர் புகுந்தது. நூற்றுக்கணக்கான பேர் மாண்டார்கள்.

உடனே என்ன சொன்னார்கள்? "இயற்கையின் சீற்றம்", "நூறு வருஷத்திற்கொரு முறை வருவது" என்றார்கள். மழை இயற்கைதான். ஆனால் மழை தங்குமிடத்தில் வீடு கட்டியது இயற்கையா? வெள்ளம் போகும் கால்வாயைக் குறுக்கியது இயற்கையா? 2018இல் சட்டசபை முன் வைக்கப்பட்ட தணிக்கை அதிகாரியின் அறிக்கை, ஏரியைத் திறந்துவிட்ட முறையைக் குறைகூறி, அதை மனிதன் உண்டாக்கிய ஆபத்தென்றே எழுதிவிட்டது. சீற்றம் கொள்ள இயற்கைக்கு நம்மீது என்ன விரோதம்? நாம் கணக்கில் எழுதாமல் விட்ட செலவை அது எழுதிக் காட்டிற்று, அவ்வளவுதான்.

நான்கு வருஷம் கழித்து, 2019 கோடையில், அதே பட்டணத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. நகருக்குத் தண்ணீர் தரும் ஏரிகள் பாளம் பாளமாய் வெடித்தன. நாளொன்றுக்குச் சுமார் 83 கோடி லிட்டர் கொடுத்து வந்த குடிநீர் வாரியம் சுமார் 52 கோடியாய்க் குறைத்துவிட்டது. பெண்கள் நடுராத்திரியில் குடத்தை வைத்துக்கொண்டு லாரிக்குக் காத்துக் கிடந்தார்கள். ஜூலை மாதத்தில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. ஒரு ரயிலில் 25 லட்சம் லிட்டர். மாலை போட்டு வரவேற்றார்கள். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்: 83 கோடியை ரயிலில் கொண்டுவர வேண்டுமானால் தினம் 332 ரயில் வேண்டும்.

அந்தக் கோடையில் அறநிலையத் துறையின் உத்தரவுப்படி கோயில்களில் மழைக்காக வருண ஜபமும் யாகமும் நடந்தன. அண்டாவில் தண்ணீர் நிரப்பி அதில் புரோகிதர்கள் உட்கார்ந்து ஜபித்தார்கள். குடிக்க இல்லாத தண்ணீர் உட்காருவதற்கு மாத்திரம் எங்கிருந்து வந்ததோ! பிறகு பருவத்தில் பெய்ய வேண்டிய மழை பருவத்தில் பெய்தது. யாகத்தால்தான் பெய்தது என்பார்கள். அப்படியானால் 2015இல் கொட்டியது யார் செய்த யாகத்தால் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டாமா?

யாகத்திற்குப் பதிலாய் ஒரு சின்னக் கணக்கு சொல்லுகிறேன். ஒரு கிரவுண்டு மனை என்பது 2,400 சதுர அடி. அதில் வருஷத்திற்கு 140 சென்டிமீட்டர் மழை விழுந்தால் அது சுமார் 3 லட்சத்து 12 ஆயிரம் லிட்டர். 12 ஆயிரம் லிட்டர் லாரியானால் 26 லாரித் தண்ணீர். இது உங்கள் தலைக்குமேல் வருஷாவருஷம் யாதொரு ஜபமும் இல்லாமல் இறங்குகிறது. இதனால்தான் 2003இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீரைத் தரைக்குள் இறக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். நல்ல சட்டம். கிணறுகளில் ஊற்றுக் கண்டதைப் பலரும் பார்த்தார்கள். அப்புறம் என்ன? குழாய் அடைத்துக்கொண்டது, குழி தூர்ந்தது, நாமும் மறந்தோம். பராமரிப்பது என்பதும் ஒரு விலைதான். அதைக் கொடுக்க மனமில்லாதவன் லாரிக்குக் கொடுக்கிறான்.

விலை கொடுத்தவன் யார்?

இப்போது மூன்றாவது கேள்விக்கு வருகிறேன்; இதுதான் முக்கியமான கேள்வி. போவது யார் பையிலிருந்து?

ஏரியை மனையாக்கியதில் லாபம் யாருக்கு? மனை விற்றவனுக்கு, அனுமதி கொடுத்த கைகளுக்கு, முதலில் வாங்கிப் பின்னால் நாலு பங்கு விலைக்கு விற்றவனுக்கு. கடைசியில் வாங்கியவன் யார்? பள்ளிக்கூட வாத்தியார், கம்பெனித் தொழிலாளி, பென்ஷன் வாங்கிய குமாஸ்தா. ஆயுசெல்லாம் சேர்த்த பணத்தைக் கொடுத்து ஏரிக்குள் வீடு வாங்கினான். அவன் நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்தான். விற்றவன் வேறு மேட்டில் சௌக்கியமாய் இருந்தான்.

அவனுக்கும் கீழே ஒருவன் இருக்கிறான். 2015 வெள்ளத்திற்குப் பின் "ஆற்றங்கரை ஆக்கிரமிப்பு" என்று சொல்லிக் கூவம், அடையாற்றுக் கரைக் குடிசைகளிலிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களை அப்புறப்படுத்தினார்கள். எங்கே கொண்டுபோய் வைத்தார்கள்? பெரும்பாக்கத்தில். பெரும்பாக்கம் எங்கே இருக்கிறது? அதே பள்ளிக்கரணைச் சதுப்பின் ஓரத்தில்! வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லி, வெள்ளம் தங்கும் இடத்திற்கே அனுப்பி வைத்தார்கள். பட்டணத்தில் பாத்திரம் தேய்த்தவளுக்கு வேலை போயிற்று. பையனுக்குப் பள்ளிக்கூடம் போயிற்று. ஆற்றை அடைத்த பெரிய கட்டடங்களுக்கோ ஒரு செங்கல்லும் பெயரவில்லை.

இதிலிருந்து என்ன தெரிகிறது? முடிவு செய்கிற இடத்தில் இல்லாதவன் தலையில்தான் செலவு விழுகிறது. ஜாதியிலும் இதுதான் கணக்கு. குடும்பத்தில் பெண்ணுக்கும் இதுதான் கணக்கு. மேலே இருப்பவன் வரவை எழுதிக்கொள்ளுகிறான்; கீழே இருப்பவன் பேரில் பற்று எழுதுகிறான். கீழே இருப்பவன் ஏன் என்று கேட்டால், "உன் விதி" என்கிறான். ஆகவே விதி என்கிற வார்த்தை இருக்கிறதே, அது வேதாந்தம் அல்ல; அது ஒரு கணக்குப் பித்தலாட்டம்.

பழைய காலம் பொன்னுலகமா?

நான் இவ்வளவு சொன்னதைக் கேட்டு, "ஆகா, நம் முன்னோர் மகான்கள், பழைய காலமே சிறந்தது" என்று யாராவது கிளம்பிவிட வேண்டாம். பழைய ஏரிக்கும் விலை இருந்தது. மதகைத் திறந்து மூடியவன், ராத்திரியில் கரையைக் காத்தவன், வெள்ளத்தில் இறங்கி உடைப்பை அடைத்தவன் அநேக ஊர்களில் தீண்டாதவன் என்று ஒதுக்கப்பட்டவனே. அவன் நிலத்திற்குத் தண்ணீர் கடைசியில். அவனுக்கு நிலமே இல்லாத ஊர்கள்தான் அதிகம். ஊரார் கிணற்றில் அவன் குடம் இறங்கக்கூடாது. குடிமராமத்து என்று இன்று பெருமையாய்ப் பேசுகிறோம். அதில் மண்வெட்டி பிடித்தவன் யார், திண்ணையில் உட்கார்ந்து உத்தரவு போட்டவன் யார் என்று கேட்டால் பெருமையில் பாதி கரைந்துவிடும். ஏரி வேண்டும், அந்த ஏற்பாடு வேண்டாம். எதை எடுப்பது, எதை விடுவது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் மனிதனுக்கு அறிவு இருக்கிறது.

கிராமத்துத் தோழர்களுக்கு

இது பட்டணத்துக் கதை, நமக்கென்ன என்று கிராமத்திலிருந்து வந்திருக்கும் தோழர்கள் நினைக்க வேண்டாம். 1932இல் பைக்காரா மின்சாரம் வந்தபின் கோயமுத்தூர்ப் பக்கத்துக் கிணறுகளில் பம்பு ஓட ஆரம்பித்தது. கவலை இறைத்து முதுகு ஒடிந்தவனுக்கு அது விடுதலைதான். 1984இல் சிறு விவசாயிகளுக்கும், 1990இல் எல்லா விவசாயிகளுக்கும் கரண்டு இனாமாயிற்று. கடனில் மூழ்கிய குடியானவனுக்கு அது ஒரு பெரிய கைதூக்கல் என்பதில் சந்தேகமில்லை. அதை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை.

ஆனால் கரண்டுக்கு விலையில்லை என்றவுடன் தண்ணீருக்கும் விலையில்லை என்று எண்ணிவிட்டோம். கிணறு வற்றினால் போர் போட்டோம். பக்கத்துக் காட்டுக்காரன் 300 அடி என்றால் நாம் 500 அடி. அவன் 700 என்றால் நாம் ஆயிரம். இரண்டு பேரும் உறிஞ்சுவது ஒரே கலயத்திலிருந்து என்பது இருவருக்கும் தெரியும். நீளக் குழாய் போட முடிந்தவன் ஜெயிக்கிறான். ஏழைக் குடியானவன் கிணறு வற்றி, நிலத்தை விற்று, அதே நிலத்தில் கூலிக்குப் போகிறான். நேரே தண்ணீர் வருகிறதென்றதும் ஏரியைக் கவனிப்பாரில்லை. வரத்துக் கால்வாய் தூர்ந்தது. கிணற்றுக்கு ஊற்றே ஏரியிலிருந்து வந்தது என்பது, ஏரி போனபிறகுதான் தெரிந்தது. இனாம் என்று உலகத்தில் எதுவும் இல்லை. சீட்டு யார் பேருக்கு எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்க வேண்டும். அநேகமாய் அது நம் பிள்ளைகள் பேருக்கு எழுதியிருக்கும்.

அப்படியானால் என்ன செய்வது?

விலை உண்டு என்பதற்காக ஒன்றுமே செய்யாமல் இருந்துவிடலாமா என்றால், அதற்கும் விலை உண்டு. கடல்நீரைக் குடிநீராக்க மீஞ்சூரில் 2010லும், நெம்மேலியில் 2013லும் நாளொன்றுக்குப் பத்துப் பத்துக் கோடி லிட்டர் தரும் ஆலைகள் வைத்தார்கள். அதற்குக் கரண்டுச் செலவு உண்டு. உப்புக் கழிவு கடலில் போவதால் மீன்பிடிப்பவர்களுக்குத் தொல்லை உண்டு. ஆயினும் வறட்சியில் அது உயிர் காக்கிறது. ஆகையால் விலையில்லாத வழியைத் தேடுவது வீண். விலையை முன்னாலேயே தெரிந்துகொண்டு, அதைக் கொடுக்கக் கூடியவன் கொடுக்கும்படி செய்வதுதான் யோக்கியமான வழி.

அதோடு நான்காவது கேள்வியை மறக்கக்கூடாது: திருப்ப முடியுமா? வரி தப்பாய்ப் போட்டால் அடுத்த வருஷம் எடுத்துவிடலாம். தெருவுக்குத் தப்பான பெயர் வைத்தால் மாற்றிவிடலாம். ஆனால் ஏரியைத் தூர்த்து ஆயிரம் வீடு கட்டிவிட்டால் மறுபடியும் ஏரியாக்க எந்தச் சட்டசபையாலும் முடியாது. 2007இல் ஏரிகளைப் பாதுகாக்கச் சட்டம் செய்தார்கள். அது மாம்பலம் ஏரியைத் திருப்பிக் கொண்டுவந்ததா? ஆகவே திருப்பக்கூடிய காரியத்தில் தைரியமாய்ப் புதுமை செய்யுங்கள். திருப்ப முடியாத காரியத்தில் பத்துத் தடவை யோசியுங்கள். நாமோ தலைகீழாய்ச் செய்கிறோம். விதவைப் பெண்ணுக்கு மறுமணம் செய்ய வேண்டுமென்றால் பத்து வருஷம் யோசிக்கிறோம். ஏரியை விற்க வேண்டுமென்றால் ஒரே நாளில் கையெழுத்துப் போடுகிறோம்.

கடைசியாய், காரியத்தில் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். நீங்கள் மனை வாங்கப் போகும்போது வாஸ்து பார்க்கிறீர்கள். ஜோசியனுக்குத் தட்சணை கொடுக்கிறீர்கள். அந்தப் பணத்தை மிச்சப்படுத்தி, கிராம வரைபடத்தையும் பழைய 'அ' பதிவேட்டையும் பாருங்கள். அந்தப் புல எண் ஏரியா, கால்வாயா, நீர்ப்பிடிப்பா என்று அதில் எழுதியிருக்கும். ஈசானிய மூலை எந்தப் பக்கம் என்று கேட்பதைவிடக் கலங்கல் எந்தப் பக்கம் என்று கேட்பவன் வீடு பிழைக்கும். கிராம சபை கூடும்போது, குளத்தில் கட்டடம் கட்டுவதாய்ச் சொன்னால், பள்ளிக்கூடமாயிருந்தாலும் சரி, ஆஸ்பத்திரியாயிருந்தாலும் சரி, எழுந்து நின்று அந்த நான்கு கேள்விகளையும் கேளுங்கள். முக்கியமாய்ப் பெண்கள் கேளுங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் குடம் தூக்கப் போவது நீங்கள்தானே தவிர, மேடையில் இருப்பவர்கள் அல்ல.

நான் சொன்னதை நான் சொன்னேன் என்பதற்காக நம்பிவிடாதீர்கள். உங்கள் ஊர் ஏரிக்குப் போய்ப் பாருங்கள். பழைய கரை எது, கால்வாய் எது, இப்போது அங்கே என்ன இருக்கிறது, அது யாருடையது என்று விசாரியுங்கள். பிறகு உங்கள் புத்திக்கு என்ன படுகிறதோ அதன்படி செய்யுங்கள். ஒன்று மாத்திரம் நிச்சயம்: நீங்கள் முடிவு செய்யாவிட்டால் உங்களுக்காக வேறொருவன் முடிவு செய்வான். லாபம் அவனுக்கு, பற்று உங்களுக்கு.